மதிப்பீட்டாளர் ஆற்றில் பார்த்த ஆள்

"ஆற்று அனுபவமுள்ள ஆண் ஆய்வாளர் ஒருவரை இணைத்துக்கொண்டால் இந்தக் கட்டுரை தேறும்" என்று எழுதியிருந்தார் அந்த மகராசர். அவர் எந்த ஊர், என்ன பேர், எனக்குத் தெரியாது. ஆய்விதழ்களின் வழக்கம் அப்படி. கட்டுரையை எழுதியவள் நான், சுகுணா, தர்மபுரிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் யார் என்பது மட்டும் எனக்குத் தெரியக் கூடாது. கட்டுரையை இதழில் போடலாமா என்று சொல்லும் இரண்டாம் மதிப்பீட்டாளர், அவ்வளவுதான். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஆண் என்றுதான் நினைத்துக்கொண்டேன். பெண்ணாக இருந்தால் இன்னும் வயிறு எரியும்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. "மாதிரிகள் ஆற்றிலிருந்து எடுக்கப்படவில்லை. சமையல் வேலை செய்யும் பெண்களிடமிருந்து வாங்கப்பட்டுள்ளன. ஆசிரியர் ஒருமுறையாவது பரிசலில் ஏறினாரா? அந்தப் பெண்கள்மீது அவருக்குள்ள பரிவு ஆய்வு முறையைக் கெடுத்திருக்கலாம்." பரிவாம். செத்த மீனின் மண்டையைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் எந்தப் பரிவைக் கண்டாரோ.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒகேனக்கல்லில் பிடிபடும் கெளுத்தி மீன்களுக்கு என்ன வயது என்று பார்ப்பது. மீனின் மண்டைக்குள் காதுப் பக்கம் ஒரு சின்னக் கல் இருக்கும். அதைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், மரத்தை அறுத்தால் தெரிவதுபோல வளையம் வளையமாகத் தெரியும். வளையத்தை எண்ணினால் வயது வந்துவிடும். வயது தெரிந்தால், முட்டையிட விடாமலே மீனைப் பிடித்துத் தீர்க்கிறோமா என்பதும் தெரிந்துவிடும்.

ஆரம்பத்தில் நானும் பரிசலில்தான் போனேன். மீன் பிடிப்பவர்கள் நல்ல மனுசர்கள்தான். ஆனால் சின்னக் கண்ணி வலை போட்டால் அபராதம் என்ற பயம் அவர்களுக்கு. பேனாவோடு ஒருத்தி வந்து உட்கார்ந்தால் பெரிய மீனை மட்டும் எடுத்துக் காட்டுவார்கள். குஞ்சும் குட்டியும் ஈரச் சாக்குக்கு அடியில் தூங்கும். அப்படியே என் முதல் வருட உழைப்பு ஆற்றோடு போனது. பிறகுதான் புத்தி வந்தது. பெரிதோ சின்னதோ, எந்த வலையில் விழுந்ததோ, கடைசியில் எல்லாம் வந்து சேருவது மீன் ஆயும் பெண்களின் அரிவாள்மணைக்குத்தான். வறுவல் கேட்கும் டூரிஸ்டுக்குத் தலை வேண்டாம். எனக்கு வேண்டியது தலை மட்டும்தான். இந்தக் கதை முழுவதையும் கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தேன். மகராசர் அந்தப் பக்கத்தைப் படிக்கவே இல்லை.

மீன் ஆயும் பெண்களில் ராமக்காதான் எனக்கு முதலில் இடம் கொடுத்தார். வாய் நீளம், கை அதைவிட வேகம். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, "மேடம், இன்னைக்கு உனுக்கு நல்ல மண்டையா எடுத்து வெச்சிருக்கறன். வேல முடிஞ்சா மிச்சத்த உன் வூட்டுக்காரருக்குக் கொழம்பு வெச்சுக் குடு" என்பார்.

"அவுரு மீனே திங்க மாட்டாருக்கா. வாசன வந்தாலே எந்திரிச்சுப் போயிருவாரு."

"மீனு திங்காத ஆம்பளையா! அப்ப உனுக்கு அவுரும் ஒரு ஆராய்ச்சிதான்" என்று அவர் சிரிக்க, அந்த வரிசையே சிரிக்கும்.

என் வீட்டுக்காரர் வீரமணி அதே கல்லூரியில் வணிகவியல் வாத்தியார். சாதுவான மனுசன். நான் தலைகளை ஐஸ் பெட்டியில் போட்டு பென்னாகரம் பஸ்ஸில் கொண்டுவரும்போது பக்கத்து சீட்டே காலியாகிவிடும். பாப்பாரப்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தால், அவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். நாலு வருடமாக அவர் என் ஆராய்ச்சிக்குச் செய்த உதவி அது ஒன்றுதான். திட்டாமல் மாடிக்குப் போனார்.

கட்டுரை வெளிவந்தால்தான் பிஎச்.டி. தீசிஸ் கொடுக்க முடியும். பதிவுக் காலத்தை ஏற்கெனவே நீட்டியாகிவிட்டது, இனி நீட்டமாட்டார்கள். தீசிஸ் கொடுக்காவிட்டால் நாலு வருட வேலைக்கும் ஒரு மதிப்பும் இல்லை. இது எல்லாருக்கும் தெரியும். எங்கள் துறைத் தலைவர் தீர்த்தகிரிக்கு ரொம்ப நன்றாகவே தெரியும்.

மதிப்பீட்டைப் படித்துவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுல கோவப்பட என்னம்மா இருக்குது? ஒரு ஆம்பளப் பேரு கேக்கறாங்க. சேத்துட்டுப் போயிட்டே இரு. வேணும்னா எம் பேரப் போட்டுக்க, நான் ஒன்னும் சொல்லமாட்டன்."

"நீங்க ஆத்துக்கு வந்ததே இல்லீங்களே சார்."

"பேருதானம்மா வரப்போவுது? நானா வரப்போறன்?"

நோகாமல் நுங்கு தின்பது என்று கேட்டிருக்கிறேன். நுங்கைச் சீவி வாயில் ஊட்டிவிடச் சொல்லி, அதையும் எனக்குச் செய்கிற உபகாரமாகப் பேசிய மனிதரை அன்றுதான் பார்த்தேன். யோசிக்கிறேன் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகை என்று பக்கத்தில் இருந்த அம்மா நினைத்துத் தண்ணீர் பாட்டில் நீட்டினார். அழுகை இல்லை, யாரையாவது அறைய வேண்டும்போல இருந்தது.

வீட்டில் வீரமணி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வெளியாளுக்கு எதுக்குக் குடுக்கற? எம் பேரப் போடு. நானும் டாக்டர் பட்டம் வாங்கினவன்தான். ஆம்பளதான்" என்று சிரித்தார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். எனக்கு அந்த வேடிக்கையில் ஒரு வழி தெரிந்தது.

"சரி, போடறன். ஆனா கட்டுரைல ஒரு கமாகூட மாத்தமாட்டன். அதே கல்லு, அதே கணக்கு, அதே ராமக்கா. உங்க பேர மட்டும் சேத்து, கள ஆய்வு வீரமணின்னு போடறன். அப்பவும் இதே கேள்விய கேட்டா அந்த ஆளு யோக்கியன்னு ஒத்துக்கறன்."

"கேக்கலைன்னா?"

"கேக்கலைன்னா உங்க பேர எடுத்துருவன். எடுக்கறப்ப நீங்க கம்முனு இருக்கணும்."

"எனக்கென்ன, தாராளமா எடுத்துக்க" என்றார். அந்த வார்த்தையை நான் நம்பினேன்.

அனுப்பினேன். பதில் இத்தனை சீக்கிரம் வருமென்று நினைக்கவில்லை. வகுப்பு முடிந்து வந்து லேப்டாப்பைத் திறந்தால், கட்டுரை ஏற்கப்பட்டது என்று நிற்கிறது. கீழே இரண்டாம் மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார்: "டாக்டர் வீரமணியின் வருகையால் கள ஆய்வின் திண்மை இப்போது தெளிவாகத் தெரிகிறது. ஆற்றை நேரில் அறிந்த ஒருவரின் கண் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது. மாதிரிகளை ஆற்றில் எடுக்காமல் மீன் ஆயும் இடத்திலேயே எடுத்தது துணிச்சலான முடிவு."

முதலில் சிரிப்பு வந்தது. ஸ்டாஃப் ரூமில் தனியாகச் சிரித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் கண்ணாம். அந்தக் கண் நாலு வருடமாக மொட்டைமாடியில் நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்தது. சிரித்து முடித்ததும் பழைய மதிப்பீட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துப் படித்தேன். சமையல்காரிகளிடம் வாங்கிய மாதிரி என்று போன மாதம் சொன்னவர், இந்த மாதம் அதையே துணிச்சல் என்கிறார். நடுவில் மாறியது ஒரு பேர். நான் எண்ணிய வளையங்கள் எல்லாம் என் பேரில் இருந்தவரைக்கும் சந்தேகம். என் புருசன் பேர் பக்கத்தில் வந்ததும் விஞ்ஞானம்.

அன்றைக்கே எடிட்டருக்கு எழுதியிருக்க வேண்டும். இதழில் வரட்டும், எல்லாரும் பார்க்கட்டும், பிறகு எழுதுவோம் என்று சில நாள் விட்டேன். அதற்குள் சேதி பாப்பாரப்பட்டிக்குப் போய்விட்டது.

வீரமணியின் அண்ணன் காளியப்பன் மாமாவுக்குப் பூச்சிமருந்துக் கடை. குடும்பத்தில் யாராவது பத்தாவது பாஸ் ஆனாலே ஃபிளெக்ஸ் அடிக்கிற மனிதர். பஸ் ஸ்டாண்டு எதிரில் பத்தடி உயரத்துக்குக் கட்டிவிட்டார். கூலிங்கிளாஸ் போட்ட வீரமணி, கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்த படம். பக்கத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு சுறாமீன் பாய்கிறது. காவிரியில் சுறா! மேலே, "மீன் விஞ்ஞானியே வருக! உலக இதழில் தடம் பதித்த எங்கள் சிங்கமே வாழ்க!" என் பேரும் இருந்தது. கீழே, வாழ்த்தும் நெஞ்சங்கள் பட்டியலில், பங்காளி வீட்டுப் பிள்ளைகள் பேருக்கெல்லாம் பிறகு, "மற்றும் திருமதி சுகுணா வீரமணி." என் ஆராய்ச்சிக்காக என் புருசனை நானே வாழ்த்திக்கொண்டு நின்றேன்.

"மாமா, அந்தக் கட்டுரைய எழுதினது நான்" என்றேன் அவர் கடையில் போய்.

"தெரியும் கண்ணு, நீயும் ஒத்தாச பண்ணினன்னு வீரமணி சொன்னான். அதான் உம் பேரும் போடச் சொன்னன்." அவர் முகத்தில் கள்ளமே இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரத்தை ஏற்றியது. கள்ளம் இருந்தால் சண்டை போடலாம்.

அன்று சாயங்காலமே எடிட்டருக்கு எழுதினேன். உள்ளது உள்ளபடி எழுதினேன். வீரமணி ஆற்றுக்கு வந்ததில்லை, இந்த ஆய்வில் அவர் பங்கு எதுவும் இல்லை, உங்கள் மதிப்பீட்டாளர் ஆண் வேண்டுமென்று கேட்டதால் சேர்த்தேன், ஒரு எழுத்தும் மாற்றவில்லை, இரண்டு மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், அவர் பேரை நீக்குங்கள். பதில் வந்தது. எனக்கு இல்லை. "மதிப்பிற்குரிய டாக்டர் வீரமணி" என்று அவருக்கு வந்தது. உங்கள் இணை ஆசிரியரிடமிருந்து இப்படி ஒரு கடிதம் வந்துள்ளது, இதில் உள்ளது உண்மைதானா என்று நீங்கள் உறுதி செய்தால் மேற்கொண்டு ஆவன செய்வோம் என்று. எனக்கு வந்தது அதன் பிரதி மட்டும்.

என் வேலை என்னுடையதுதான் என்று நான் சொன்னால் போதாது. அதையும் அவர் சொல்ல வேண்டும்.

வீரமணி போனில் அதைப் படித்தார். படித்துவிட்டு டீப்பாயின் மேல் வைத்தார். "பேனர் வெச்சிட்டாங்க சுகுணா."

"அதுக்கு?"

"காலேஜ்லயும் நாளைக்கு விழா வெச்சிருக்காங்க. கொஞ்ச நாள் போவட்டுமே. இப்ப போயி எடுத்தா என்னப் பத்தி என்ன நெனைப்பாங்க? உன் தீசிஸும்தான் போயிரும். உனக்காகவும்தான் சொல்றன்."

"எனக்காகவா?"

"புருசன் பொண்டாட்டிக்குள்ள என்ன இருக்குது, சொல்லு."

நல்ல மனுசன்தான், இன்னமும் சொல்கிறேன். ஒரு வார்த்தை அதிர்ந்து பேசியதில்லை. ஆனால் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு எதிரில் நிற்பது அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. அதை அவர் முகத்திலேயே பார்த்தேன். அன்று ராத்திரி படுத்தபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். தீசிஸ் கைவிட்டுப் போகும் என்று அவர் சொன்னது பொய்யில்லை. பேசாமல் இருந்துவிட்டால் பட்டம் வரும், சம்பளம் ஏறும். ஆனால் யாராவது அந்தக் கட்டுரையைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்கும்போதெல்லாம் கடிதம் இவருக்குத்தான் வரும். இவர் மாடியிலிருந்து இறங்கி வந்து என்னைக் கேட்டுப் பதில் எழுதுவார். சாகும்வரைக்கும் நான் ஒத்தாசை பண்ணினவள். அதற்குப் பட்டமே வேண்டாம்.

மறுநாள் காலை ஃபிரீசரிலிருந்து ஒரு கெளுத்தித் தலையை எடுத்து டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனேன்.

செமினார் ஹாலில் விழா. மேடையில் பிரின்சிபால், தீர்த்தகிரி, நடுவில் பொன்னாடை போர்த்திய வீரமணி. எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், ஓரத்தில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில். தீர்த்தகிரி மைக்கைப் பிடித்து, வணிகவியலில் இருந்துகொண்டே காவிரியில் இறங்கிய வீரமணியின் துணிவைப் பாராட்டினார். ஒவ்வொரு ஆணின் வெற்றிக்குப் பின்னாலும் என்று ஆரம்பித்து என் பக்கம் கையை நீட்டினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். அடுத்து வீரமணி பேசுவார் என்று அறிவித்தார்கள்.

அவர் எழுந்த நேரம் நானும் எழுந்தேன். நினைவுப்பரிசு வைத்திருந்த தட்டைக் காலி செய்து, அதில் தலையைக் கொட்டி, அவர் முன்னால் வைத்தேன். ஐஸ் கரைந்து நன்றாக நாறியது. பிரின்சிபால் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பையிலிருந்து கத்தியையும் இடுக்கியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

"கள ஆய்வு பண்ணினவரு நீங்க. பிள்ளைங்க பாக்கட்டும். அந்தக் கல்லு எங்க இருக்குதுன்னு எடுத்துக் காட்டுங்க."

வீரமணி தலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கத்தியைக்கூட எடுத்தார். மண்டையில் எங்கே வைப்பது என்று தெரியாமல் மீனின் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார். பொன்னாடையின் நுனியை எடுத்து மூக்கைப் பொத்தினார். எனக்கு ஒரு துளி இரக்கம் வந்தது, பொய் சொல்லவில்லை. அதை விழுங்கிவிட்டு நின்றேன்.

கத்தியை வைத்துவிட்டு மைக்கை எடுத்தார். "எனக்குத் தெரியாதுங்க. நான் அந்த ஆத்துப் பக்கமே போனதில்ல. இது பூரா என் சம்சாரம் பண்ணின வேல. எம் பேரு சும்மா போட்டது." சொல்லிவிட்டு, அங்கேயே நின்றபடி போனை எடுத்து எடிட்டருக்கு அதையே அடித்து அனுப்பினார். அடித்ததை எனக்குக் காட்டினார். நான் படித்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

தீர்த்தகிரி ஓடிவந்து என் காதருகே, "ஏம்மா இப்பிடி மானத்த வாங்கற? குடும்பத்துல யார் பேரு இருந்தா என்ன?" என்றார். மைக்கை இன்னும் அணைக்காததால் ஹால் முழுக்கக் கேட்டது.

"யார் பேரு இருந்தாலும் ஒன்னுதான்னா, என் பேரு மட்டும் ஏன் சார் பத்தல?" என்றேன். அதுவும் கேட்டது. கடைசி வரிசைப் பெண்பிள்ளைகள் தட்ட ஆரம்பித்தார்கள். பிரின்சிபால் விழா முடிந்தது என்று கையைக் காட்டினார்.

வீட்டில் சில நாள் உப்புச்சப்பில்லாமல் போனது. ஃபிளெக்ஸைக் காளியப்பன் மாமா அவராகவே அவிழ்த்து, மழைக்குக் கடைக் கூரை மேல் போட்டுக்கொண்டார். என்னோடு பேசவில்லை. வீரமணி பேசினார், கொஞ்சம் கொஞ்சமாக. நானும் பேசினேன்.

எடிட்டர் கழுவுற மீனில் நழுவுற மீன். பொய்ப் பேர் சேர்த்ததற்கு ஒரு வரி கண்டிப்பு எழுதியிருந்தார். நியாயம், வாங்கிக்கொண்டேன். மதிப்பீட்டாளர் ஆண் கேட்டது பற்றி ஒரு சொல் இல்லை. "கள ஆய்வுக்குப் பொறுப்பானவர் விலகிவிட்டதால் ஏற்பு நிறுத்திவைக்கப்படுகிறது. கட்டுரை மீண்டும் மதிப்பீட்டாளருக்கு அனுப்பப்பட்டு, அவர் கருத்து இணைக்கப்பட்டுள்ளது. தங்கள் விளக்கத்தை எதிர்பார்க்கிறோம்."

இணைப்பைத் திறந்தேன். அதே ஆள். அதே கட்டுரை. வீரமணியே, தான் ஆற்றுக்குப் போனதில்லை என்று எழுதிக்கொடுத்த பிறகு, அந்த ஆள் எழுதுகிறார்: "டாக்டர் வீரமணி விலகியது வருத்தத்துக்குரியது. அவர் இல்லாத நிலையில் மாதிரிகளின் நம்பகத்தன்மை குறித்த என் பழைய ஐயம் திரும்புகிறது."

கெடுவுக்குள் தீசிஸ் கொடுக்க முடியாது என்பது அந்த நிமிடம் உறுதியாகிவிட்டது. பக்கத்தில் நின்று படித்த வீரமணி, "என்ன எழுதப் போற?" என்றார். முதல்முறையாக அவர் முகத்திலும் கோபம் பார்த்தேன். நான் ஏற்கெனவே அடிக்க ஆரம்பித்திருந்தேன்.

"மதிப்பிற்குரிய எடிட்டருக்கு. விளக்கம் கேட்டிருந்தீர்கள். நாலு வருடம் நான் ஆற்றங்கரையில் இருந்தேன், உங்கள் மதிப்பீட்டாளர் கண்ணுக்கு நான் தெரியவில்லை. என் கணவர் ஒருநாளும் அங்கே வந்ததில்லை, அவர் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிந்தார். இல்லாத ஆளை மதிப்பீட்டாளர் எந்தப் பக்கத்தில், எந்த வரியில் பார்த்தார் என்று கேட்டு எழுதுங்கள். அந்த விளக்கம் முதலில் வரட்டும். இப்படிக்கு, சுகுணா. ஒரே ஆசிரியர்."